சரக்குக்குத் தடை இல்லை, பணம் மட்டும் ஏன் நிற்கிறது?

கேள்வி:
பத்து வருடமாக ஒரே ஆலையில் இருந்து பேரிங் இறக்குமதி செய்கிறேன். நான் வாங்கும் ரகத்துக்குப் பொருளாதாரத் தடை இல்லை. ஆலையின் பெயரும் தடைப் பட்டியலில் இல்லை, நானே தேடிப் பார்த்துவிட்டேன். ஆனாலும் மூன்று வாரத்துக்கு முன் டாலரில் அனுப்பிய முன்பணம் இன்னும் போய்ச் சேரவில்லை. என் வங்கியில் கேட்டால், "நடுவில் இருக்கும் வங்கி விவரம் கேட்கிறது" என்று அதே பல்லவி. பழக்கத்தை நம்பி ஆலைக்காரர்கள் கன்டெய்னரையும் ஏற்றிவிட்டார்கள். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பதில்:
டாலர் எங்கிருந்து எங்கே போனாலும் பெரும்பாலும் அமெரிக்க வங்கி ஒன்றைத் தொட்டுத்தான் போகும். அங்கே ஓஃபாக் (பொருளாதாரத் தடைகளை அமல்படுத்தும் அமெரிக்க நிதித் துறை அலுவலகம்) விதி. அதன் தடைப் பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒரு நிறுவனத்தில் 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால், பெயர் இல்லாவிட்டாலும் அதுவும் முடக்கப்பட்டதுதான். இரண்டு பேர் ஆளுக்கு 25 வைத்திருந்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஆலை கைமாறியதா என்று விசாரியுங்கள். வங்கிகளும் சூடுபட்ட பூனைகள்தான்: 2014இல் தடை மீறிய வழக்கில் பிரெஞ்சு வங்கியான பிஎன்பி பரிபா கட்ட ஒத்துக்கொண்ட தொகை சுமார் 897 கோடி டாலர்!

கேட்டவர்:
விசாரித்தேன் சார். போன வருடமே ஒரு குழுமம் பங்கு வாங்கியிருக்கிறது. எத்தனை சதவீதம் என்றால் மழுப்புகிறார்கள். பேசாமல் யூரோவில் அனுப்பிவிடட்டுமா?

இன்னொரு பதில்:
வேண்டவே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் தனிப் பட்டியல் உண்டு. அதோடு, நடுவழியில் பாதை மாற்றினால் ஏய்க்கப் பார்த்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பணத்தை முடக்கினார்களா, திருப்பி அனுப்புகிறார்களா என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். திரும்பினால் தப்பித்தீர்கள். அமெரிக்காவில் முடங்கினால் ஓஃபாக் உரிமம் இல்லாமல் எடுக்க முடியாது. அப்புறம், இன்ஷூரன்ஸ் பாலிசியில் தடை விலக்குப் பிரிவு (தடையை மீறுவதாக இருந்தால் இழப்பீடு தர மாட்டோம் என்ற பிரிவு) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கன்டெய்னர் கடலில் விழுந்தாலும் இழப்பீட்டுக்குக் கைவிரித்துவிடலாம்.

நான் ஸ்டீல் பக்கம். ரஷ்ய இரும்பை வேறு நாட்டில் பொருளாக்கி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரவும் 2023 செப்டம்பர் 30 முதல் தடை வந்தது. இரும்பு எங்கே உருவானது என்று காட்டும் மில் டெஸ்ட் சர்டிபிகேட் வருவதற்குள் எனக்கு ஏறிய டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) அந்தச் சரக்கின் லாபத்தையே தின்றுவிட்டது.

கேட்டவர்:
வங்கி பதில் வந்துவிட்டது. முடங்கவில்லை, கட்டணப் பிடித்தம் போகத் திரும்பி வருகிறது. கன்டெய்னரைத் திருப்பிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். வேறு ஆலையில் சாம்பிள் கேட்டிருக்கிறேன். விலை கூடுதல், டெலிவரிக்கு நாலு மாதமாம். இந்த முறை முதல் மெயிலிலேயே பங்குதாரர் விவரம் கேட்டுவிட்டேன்.