டெக்ஸ் கதைகளுக்கு வண்ணம் பலமா, பாரமா?

கேள்வி: கோவை வாசகர்

நண்பர்களே, வணக்கம். என்னிடம் டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய் நாயகனின் காமிக்ஸ் கதை ஒன்று இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று பழைய கறுப்பு வெள்ளைப் பதிப்பு, மற்றது ஆர்ட் பேப்பரில் வந்த வண்ண மறுபதிப்பு. சித்திரங்களில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனாலும், இரவில் கொள்ளையர்கள் பள்ளத்தாக்கில் பதுங்கி வரும் பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் படிக்கும்போது நெஞ்சு படபடக்கிறது. வண்ணத்தில் அந்தப் படபடப்பு வரவே இல்லை. என் மகளோ வண்ணப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் கையில் எடுப்பதில்லை. சிறு வயதுப் பழக்கம்தான் என்னை இப்படி நினைக்க வைக்கிறதா, அல்லது வண்ணம் உண்மையிலேயே கதையின் பொருளை மாற்றிவிடுகிறதா?

பதில்: அச்சக நண்பர்

பழக்கம் மட்டும் காரணமில்லை சார். அச்சு வேலையில் வண்ணம் பார்ப்பவன் நான். இதைத் தினமும் கண்ணால் காண்கிறேன்.

1948இல் இத்தாலியில் பிறந்த நாளிலிருந்து டெக்ஸ் கறுப்பு வெள்ளைத் தொடர்தான். மாத இதழில் நூறு, இருநூறு என்று நூறின் மடங்கில் வரும் இதழ்களுக்கு வண்ணம் கொடுப்பது அதன் பதிப்பகத்தாரின் வழக்கம். பழைய கதைகள் வரிசையாக வண்ணம் ஏற்றப்பட்டு லா ரிபுப்ளிகா நாளிதழுடன் வரத் தொடங்கியது 2007இல்தான். அதாவது, அந்த ஓவியர்கள் பலரும் தங்கள் பக்கத்தில் பின்னால் ஒருவர் நிறம் பூசுவார் என்று எண்ணி வரையவில்லை. எந்த நேரம், எங்கிருந்து வெளிச்சம், எது பக்கத்தில், எது தூரத்தில் என்பதையெல்லாம் மையிலேயே தீர்த்துவிட்டார்கள்.

டெக்ஸ் ஓவியர்களில் ஒருவரான ஃபாபியோ சிவிடெல்லி வரையும் இரவுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வைத்து ஒளியைக் கொண்டுவருவார். புள்ளிகள் நெருங்கினால் இருள், விலகினால் வெளிச்சம். அதன்மேல் சீராக ஒரு நீலத்தை ஓட்டினால் புள்ளிகளுக்கு நடுவே இருந்த வெள்ளை காணாமல் போகிறது. அந்த வெள்ளைதான் நிலவு! நீலம் ‘இது இரவு’ என்று சொல்லத்தான் செய்கிறது, ஆனால் நிலவு போய்விட்டது.

உங்கள் படபடப்பு ஏன் போயிற்று என்பதற்கும் எனக்கு ஒரு காரணம் தெரிகிறது. பாறையின் நிழலில் ஒருவன் பாதி மறைந்து நிற்கிறான், முழங்கை மட்டும் வெளியே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கறுப்பு வெள்ளையில் அது யார் கை வேண்டுமானாலும் இருக்கலாம். வண்ணக்காரர் அந்தத் துண்டுக்கும் ஏதோ ஒரு நிறம் கொடுத்தே ஆகவேண்டும். மஞ்சள் கொடுத்தால் மஞ்சள் சட்டைக்கார டெக்ஸ், வேறு நிறம் கொடுத்தால் எதிரி. அடுத்த கட்டத்தில் உடைய வேண்டிய மர்மம் இங்கேயே உடைந்துவிடும்.

பதில்: மதுரைக்காரர்

அச்சக நண்பர் சொல்வது டெக்ஸுக்குச் சரி. ஆனால், ‘கறுப்பு வெள்ளைதான் கலை’ என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். லக்கி லூக் என்ற சிரிப்பு கௌபாயின் காமிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓவியர் மோரிஸ் ஒரு கூட்டத்தையே, ஆள், தொப்பி, முகம் என்று பிரிக்காமல், ஒரே நிறத்தில் நிரப்பிவிடுவார். பின்னணி சட்டென்று முழு மஞ்சளாகும், அடுத்த கட்டத்தில் முழுச் சிவப்பாகும். எந்த வானமும் அப்படி இருக்காது. யாரைப் பார்க்க வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்று அந்த நிறம்தான் சொல்கிறது. அப்படி ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தேன். கூட்டத்துக்குள் லக்கி லூக்கைத் தேட வேண்டியிருந்தது.

பதில்: பழைய முத்து வாசகர்

இரும்புக்கை மாயாவியை யாரும் சொல்லவில்லையே! 1962இல் இங்கிலாந்தின் வேலியன்ட் இதழில் ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்த கதை. 1972இல் தமிழில் முத்து காமிக்ஸ் தொடங்கியதே மாயாவியோடுதான். மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் தெரியும். வெறும் வெள்ளையில் அந்தக் கை தனியாக மிதக்கும்போது மீதி உடலை நாம்தானே நினைத்துக்கொண்டோம்? சுற்றிலும் நாலு நிறம் இருந்தால் அதுவும் அறையில் கிடக்கும் ஒரு பொருளாகிவிடும். எனக்கு மாயாவி என்றால் கறுப்பு வெள்ளைதான், இதில் சமரசம் இல்லை.

பதில்: கோவை வாசகர்

அனைவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் படிக்கும்போதும் ‘இரவுக்கழுகார்’ டெக்ஸின் சட்டை எனக்கு மஞ்சளாகவே தெரிகிறதே?

பதில்: அச்சக நண்பர்

அட்டைப்படம் செய்த வேலை சார் அது. மஞ்சள் சட்டையை முகப்பில் ஒருமுறை பார்த்துவிட்டால், உள்ளே வெள்ளையாக விட்ட இடமெல்லாம் உங்களுக்கு மஞ்சள்தான். வெள்ளையாக விட்டிருப்பதால்தான் உங்களால் நிரப்ப முடிகிறது.

மகளைக் கறுப்பு வெள்ளைக்கு வற்புறுத்த வேண்டாம். 2011 முதல் இத்தாலியில் ‘கலர் டெக்ஸ்’ என்றே தனி வரிசை வருகிறது. வண்ணத்தில்தான் வரப்போகிறது என்று தெரிந்தே வரையப்படும் கதைகள் அவை. அந்த வரிசைக் கதை தமிழில் கிடைத்தால் முதலில் அதைக் கொடுங்கள். பிறகு உங்கள் பழைய பதிப்பின் அந்தப் பள்ளத்தாக்குப் பக்கத்தை மட்டும் திறந்து, நிழலில் நிற்பது யார் என்று கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லும் பதிலை இங்கே எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.