கொழுந்து நிறுவைக் கணக்கை அனுப்ப சர்வீஸ் பஸ்ஸில் எந்தத் தரம்? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

அட்டனிலிருந்து:

தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றின் கொழுந்து நிறுவை மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. மடுவத்துத் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) தராசில் பதிவாகும் கிலோக் கணக்கைத் தொழிற்சாலை அலுவலகத்துக்குக் கொண்டுசேர்க்க, மைக்ரோசாஃப்டின் இணையவழிக் கணினிச் சேவையான அஷ்யூரில் உள்ள சர்வீஸ் பஸ் என்ற செய்தி வரிசைச் சேவையை (அனுப்பிய செய்தியைப் பெறுபவர் எடுக்கும்வரை வரிசையில் வைத்திருப்பது)ப் பயன்படுத்துகிறோம். அதில் பேசிக், ஸ்டாண்டர்ட், பிரீமியம் என்று மூன்று தரங்கள் உள்ளன. எதை எடுக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு நாளைக்கு எத்தனை செய்திகள் போகும் என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். தோட்டத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு எதையும் தீர்மானிப்பதில்லை. 600 பேர் கொழுந்தெடுக்கும் தோட்டத்தில் நாளுக்கு மூன்று நிறுவை என்றால் 1,800 செய்திகள். அனுப்புவதையும் பெறுவதையும் தனித்தனியாக எண்ணி, 30 நாளும் மலையில் வேலை நடப்பதாக வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 108,000 செயல்பாடுகள்தான் வரும். ஏறத்தாழ 10 டொலர் மாதக் கட்டணத்துக்கு ஸ்டாண்டர்ட் தரமோ 1 கோடி 30 இலட்சம் செயல்பாடுகளைத் தருகிறது.

ஒரு நிறுவை இரண்டு முறை பதிவானால் யாருக்கு என்ன நேரும் என்ற கேள்வியே முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேறொரு நிறுவனம் பேசிக் தரத்தில் அமைத்துக் கொடுத்திருந்த ஏற்பாட்டை ஒரு தோட்டத்தில் நேரில் பார்த்தேன். மேற்கணக்கு (தோட்டத்தின் மேல் பிரிவு) மலையில் சிக்னல் வந்து வந்து போகும். தராசு அனுப்பிய செய்தி வரிசைக்குப் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் சேர்ந்தது என்ற பதில் திரும்பி வருவதற்குள் தொடர்பு அறுந்துவிடும். பதில் வராததால் தராசு அதே நிறுவையை மறுபடியும் அனுப்பும். பேசிக் தரத்தில் இரட்டைச் செய்தியைக் கண்டறியும் வசதி இல்லாததால் இரண்டுமே கணக்கில் ஏறிவிடும். இதைச் சரிசெய்ய அலுவலகத்தில் ஒரே கிலோ இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றைக் கையால் அழித்து வந்தார்கள். காலையிலும் பகலிலும் உண்மையிலேயே 7 கிலோ நிறுத்த ஓர் அம்மாவின் பகல் நிறுவையும் அப்படி அழிந்துபோய், அன்றைக்கு நிர்ணயித்த கிலோ வரவில்லை என்று அவருக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்தது. மடுவத்தில் தன் கண்முன் தராசில் ஏறிய எடை கணக்கில் இல்லை என்பதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அது முற்றிலும் நியாயம்.

ஸ்டாண்டர்டிலும் பிரீமியத்திலும் இரட்டைச் செய்தியைக் கண்டறியும் வசதி உண்டு. ஒரே மெசேஜ் ஐடியுடன் (செய்தியின் அடையாளக் குறி) குறித்த காலத்துக்குள் மீண்டும் வரும் செய்தியைச் சேவை ஏற்றுக்கொண்டதாகப் பதில் சொல்லிவிட்டு, வரிசையில் சேர்க்காமல் விட்டுவிடும். ஆனால் தரத்தை உயர்த்தியவுடன் இது தானாக நடந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வரிசையை உருவாக்கும்போதே இந்த வசதியை இயக்க வேண்டும், பின்னர் மாற்ற இயலாது. ஆகவே பேசிக்கில் உருவாக்கிய பழைய வரிசைகளை வைத்துக்கொண்டு ஸ்டாண்டர்டுக்கு மாறினால், அவற்றைப் புதிதாக உருவாக்கித்தான் ஆக வேண்டும். கண்டறியும் காலம் இயல்பாகப் பத்து நிமிடம், அதிகபட்சம் ஏழு நாள். காலையில் மலையில் நிறுத்ததை மாலையில் தொழிற்சாலைக்கு இறங்கிய பிறகே அனுப்பக்கூடிய தராசுகளுக்குப் பத்து நிமிடம் எந்த மூலைக்கும் போதாது என்பதால், நாங்கள் இரண்டு நாள் வைத்திருக்கிறோம்.

மெசேஜ் ஐடியை எப்படி அமைக்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் தராசு ஒரு புதிய எண்ணை உண்டாக்கினால், எந்தத் தரமாக இருந்தாலும் இரட்டைச் செய்தி உள்ளே வந்துவிடும். தொழிலாளர் எண், தேதி, எத்தனையாவது நிறுவை, தராசு எண் ஆகிய நான்கையும் சேர்த்து ஐடியாக்கினால், எத்தனை முறை அனுப்பினாலும் அது அதே நிறுவையாகவே அடையாளம் காணப்படும். காலையும் பகலும் ஒரே எடையாக இருந்தாலும் இரண்டும் வெவ்வேறாக நிற்கும்.

பதுளையிலிருந்து:

அண்ணா சொல்வதுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் தோட்டத்தில் ஒரே நிறுவைத் தகவல் சம்பளக் கணக்குக்கும், கொழுந்து வாட்டும் பகுதிக்கும், கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கும் போக வேண்டும். பேசிக்கில் வரிசை மட்டுமே உண்டு, ஒரே செய்தியைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் டொபிக் கிடையாது. அதனால் தராசே மூன்று வரிசைகளுக்கும் தனித்தனியாக அனுப்பும்படி எழுதியிருந்தார்கள். சிக்னல் நடுவில் போனால் சம்பளத்துக்குப் போன நிறுவை தொழிற்சாலைக்குப் போயிருக்காது, மாலையில் இரு பக்கக் கிலோவும் ஒத்துவராது. ஸ்டாண்டர்டில் ஒரு டொபிக்குக்கு ஒரு முறை அனுப்பினால் அதைப் பெறும் மூன்று சந்தாக்களுக்கும் சேவையே பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

செயல்பாட்டுக் கணக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வரிசை காலியாக இருந்தாலும் செய்தி இருக்கிறதா என்று கேட்பதும் ஒரு செயல்பாடாகவே எண்ணப்படும். நொடிக்கு ஒரு முறை கேட்கும் ஒரு நிரல் மாதத்துக்கு ஏறத்தாழ 26 இலட்சம் முறை கேட்டுவிடும். ஐந்து கணினிகளில் அப்படி ஓடினால், ஒரு கிலோ கொழுந்துகூட நிறுக்காமலே அண்ணா சொன்ன 1 கோடி 30 இலட்சம் முடிந்துவிடும். ஏஎம்கியூபி என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறை வழியாகத் தொடர்பைத் திறந்து வைத்துச் செய்தி வரும்போது பெற்றுக்கொள்வதே நல்லது.

நுவரெலியாவிலிருந்து:

எங்களிடம் பிரீமியத்தை வற்புறுத்தியதற்குச் சொல்லப்பட்ட ஒரே காரணம் படங்கள். கொழுந்தின் தரத்தைக் காட்ட ஒவ்வொரு நிறுவையுடனும் ஒரு படம் போக வேண்டும் என்று தொழிற்சாலை அதிகாரி விரும்பினார். பேசிக், ஸ்டாண்டர்ட் இரண்டிலும் ஒரு செய்தி 256 கிலோபைட்டுக்கு மேல் இருக்க முடியாது, பிரீமியத்தில் 100 மெகாபைட் வரை அனுப்பலாம். அது உண்மைதான். ஆனால் பிரீமியத்தின் மிகச் சிறிய அளவான ஒரு மெசேஜிங் யூனிட்டுக்கே மாதம் 670 டொலர் அளவில் வருகிறது. எங்கள் பணத்தில் அது இரண்டு இலட்சம் ரூபாவைத் தாண்டும். படத்தை அஷ்யூரின் கோப்புச் சேமிப்பில் ஏற்றிவிட்டு, அதன் முகவரியை மட்டும் செய்தியில் வைத்தோம். செய்தி இரண்டு கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. சிக்னல் குறைந்த மலையில் இதனால் இன்னொரு நன்மையும் கிடைத்தது: படம் ஏறத் தாமதமானாலும் கிலோக் கணக்கு முன்னதாகவே போய்விடுகிறது.

பண்டாரவளையிலிருந்து, இப்போது கொழும்பில்:

பிரீமியம் யாருக்கும் தேவையில்லை என்ற முடிவுக்கு வாசிப்பவர்கள் வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் வேலை செய்யும் இடத்தில் பணப் பரிமாற்றத் தகவல்கள் செய்தி வரிசையில் போகின்றன. அவை பொது இணைய முகவரி வழியாகச் செல்லாமல், எங்கள் தனி வலையமைப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கணக்காய்வாளர்கள் கேட்டார்கள். அப்படித் தனி வலையமைப்புக்குள்ளிருந்தே சேவையை அணுக உதவும் தனியார் இணைப்பு முனை (private endpoint) பிரீமியத்தில் மட்டுமே உண்டு என்பதால், அந்த ஒரு நிபந்தனையே தரத்தைத் தீர்மானித்துவிட்டது. மேலும், ஸ்டாண்டர்டில் ஒரே வளங்களைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதால் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. வரம்பை மீறினால் சேவை சற்று நேரம் மறுத்துவிட்டு, பிறகு முயலும்படி சொல்லும். பிரீமியத்தில் வளங்கள் நமக்கே உரியவை. ஆனால் தூரத்தால் வரும் தாமதத்தை எந்தத் தரமும் குறைக்காது. சென்னையிலோ புனேயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மையத்துக்குச் செய்தி போய்த்தான் ஆக வேண்டும்.

அட்டன் நண்பரிடம் ஒரு கேள்வி. ஸ்டாண்டர்டில் தொடங்கிவிட்டுப் பின்னர் மாறுவது உங்களுக்குச் சாத்தியமாக இருக்குமா?

அட்டனிலிருந்து:

ஸ்டாண்டர்டிலிருந்து பிரீமியத்துக்கு மாற மைக்ரோசாஃப்டே ஒரு வழி வைத்திருக்கிறது. வரிசைகளும் டொபிக்குகளும் புதிய இடத்தில் உருவாகிவிடும். பழைய இணைப்பு முகவரியும் தொடர்ந்து வேலை செய்வதால், மலையில் இருக்கும் ஒவ்வொரு தராசையும் தேடிப்போய் மாற்ற வேண்டியதில்லை. பழைய இடத்தில் மிச்சமிருக்கும் செய்திகளை மட்டும் நாமே படித்து முடிக்க வேண்டும். பிரீமியத்திலிருந்து கீழே இறங்க இப்படியொரு வழி இல்லாததால், தெளிவான நிபந்தனை எதுவும் இல்லாத தோட்டங்களை ஸ்டாண்டர்டிலேயே தொடங்கச் சொல்கிறேன்.

தொடங்கும்போது, தொடர்புள்ள செய்திகளை ஒரு தொடராக ஒழுங்கு மாறாமல் படிக்க உதவும் செஷன் வசதி தேவையா என்பதையும் அன்றே முடிவுசெய்துவிடுங்கள். பேசிக்கில் இல்லாத இந்த வசதியையும் வரிசையை உருவாக்கிய பின்னர் சேர்க்க முடியாது. தொழிலாளர் எண்ணையே செஷன் ஐடியாக வைத்தால், ஒருவருடைய நிறுவையும் அதற்கு மடுவத்தில் செய்த திருத்தமும் அனுப்பிய வரிசைப்படியே அலுவலகத்தில் படிக்கப்படும். இல்லாவிட்டால் திருத்தம் முதலில் வந்து, திருத்துவதற்கு நிறுவையே இல்லை என்று தள்ளப்பட்டு, தவறான கிலோ சம்பளப் பட்டியல்வரை போய்விடக்கூடும்.