தவான் மைக்கைப் பிடித்த கதையில் அந்த 40 வினாடி எங்கே?

மூன்றாவது ஷிஃப்ட்:
நேற்று எங்கள் கம்பெனியில் தலைமைப் பண்பு வகுப்பு. வந்தவர் அரை மணி நேரம் ஒரே கதையை ஓட்டினார். 1979 ஆகஸ்ட் 10, செயற்கைக்கோள் ஏவும் எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம் நொறுங்கிப்போனார். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்கள் முன்னால் தோல்வியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். 1980 ஜூலை 18-ல் ராக்கெட் ஜெயித்ததும் மைக்கைக் கலாமிடம் கொடுத்துவிட்டார். ஒரே கைதட்டல். நான் எழுந்து, "ஏவ 40 வினாடி இருக்கும்போது கணினி நிறுத்திவிட்டதே, அதை மீறித்தானே ஏவினார்கள், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டேன். டீ வந்துவிட்டது என்றார்.

கொதிகலன்:
கல்யாண வீட்டுக்குப் போனாலும் ரசத்தில் உப்பு இல்லை என்று சொல்கிற ஆள் நீங்கள். கதையே பழியை யார் ஏற்றார் என்பதுதான். உங்கள் மேனேஜர் என்றைக்காவது ஏற்றிருக்கிறாரா? என் மேனேஜர் மெயிலில் என் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டு மேலிடத்துக்கு அனுப்புவார்.

மூன்றாவது ஷிஃப்ட்:
பழி விழுந்த பிறகு யார் சுமந்தார் என்று பேசுகிறீர்கள். விழாமல் தடுக்க ஒரு மணி அடித்ததே, அதைப் பற்றி நான் கேட்கிறேன். 40 வினாடி. பதில் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை:
இருவரும் முதலில் 'தலைமை' என்றால் என்ன, 'குழு' என்றால் என்ன என்று பேசி முடித்துக்கொண்டால் நல்லது.

கொதிகலன்:
அந்த 40 வினாடி உங்களுக்கு எப்படித் தெரியும்? கலாமே மேடை மேடையாகச் சொன்னதால்தான். கசிவு இருக்கிறது, ஆனால் எரிபொருள் கையிருப்பு போதும் என்று கூட இருந்த நிபுணர்கள் சொன்னார்கள், நான் முடிவெடுத்தேன் என்று அவரே சொன்னார். தன் தவறைத் தானே சொல்கிற ஆளை உருவாக்கியது எது? தவான் அன்று அவரைக் கைவிடாததுதான்.

மூன்றாவது ஷிஃப்ட்:
கலாம் சொன்னார், சரி. வகுப்பெடுத்தவர் சொல்லவில்லை. என் எரிச்சல் அவர் மேல். இரண்டாம் கட்டத்தில் நைட்ரிக் அமிலம் கசிந்து கட்டுப்பாடு போய்த்தான் ராக்கெட் விழுந்தது. மொத்தம் 317 வினாடி. கணினி எதற்காக நிறுத்தியதோ அதுவேதான் கவிழ்த்தது. இதைச் சொல்லாமல் மைக் கதையை மட்டும் சொன்னால், 'முதலில் ஏவு, விழுந்தால் பெரியவர் பார்த்துக்கொள்வார்' என்றுதான் பையன்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இதை ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு புதுப் பையன் காஸ்டிங்கில் (வார்ப்புப் பாகத்தில்) விரிசல் பார்த்து லைனை நிறுத்தினான். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டினார். அடுத்த வாரம் அதே விரிசல். பையன் பார்த்தான், பேசாமல் இருந்தான். ஒரு ஷிஃப்ட் சரக்கு முழுக்க ரிஜெக்ட். டொயோட்டாவில் கடைசித் தொழிலாளிகூடக் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். நிறுத்தியவனைத் திட்டக்கூடாது. அதுதான் டீம்.

இரவல் பேனா:
ஷிஃப்ட் அண்ணன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 1986 ஜனவரி 28, அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம். குளிரில் ராக்கெட் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் தாங்காது என்று முந்தைய இரவே இன்ஜினியர்கள் சொன்னார்கள். மேலதிகாரிகள் கேட்கவில்லை. 73 வினாடி, 7 உயிர்.

கொதிகலன்:
அங்கே மனிதர்கள் வேண்டாம் என்றார்கள், அதிகாரிகள் மீறினார்கள். இங்கே இயந்திரம் நிறுத்தியது, நிபுணர்களே போகலாம் என்றார்கள். கலாம் கேட்டது தன் டீம் சொன்னதை! டீம் பேச்சைக் கேட்பதும் தப்பா? ராக்கெட்டையும் உங்கள் காஸ்டிங்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். அந்த ராக்கெட்டே 40 கிலோ செயற்கைக்கோளை மேலே கொண்டுபோனது.

கடைசி பெஞ்ச்:
35 கிலோ.

கொதிகலன்:
40 கிலோ.

கடைசி பெஞ்ச்:
ராக்கெட் 40 கிலோ சுமக்கும். 1980-ல் போன ரோகிணி 35 கிலோ. பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிறீர்கள், அதையும் தப்பாகச் சொல்கிறீர்கள்.

கொதிகலன்:
வந்துட்டார் தராசோடு. போன தீபாவளி போனஸ் பேச்சில் 8.33 சதவீதத்தை 8 என்று எழுதியவர்தானே நீங்கள்?

கடைசி பெஞ்ச்:
அது எழுத்துப்பிழை. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டா இத்தனை மாதம் இருந்தீர்கள்? பாவம் உங்கள் வீட்டில்.

இரவல் பேனா:
சேலஞ்சருக்கு முழுப் பதில் வரவில்லை.

மூன்றாவது ஷிஃப்ட்:
அவர் பதில் சொல்ல மாட்டார். டீம் பேச்சைக் கேட்டார் என்கிறீர்கள், சரி. ஆனால் அந்த அறையில் 'வேண்டாம்' என்று நினைத்தவர் ஒருவராவது இருந்திருந்தால் அவருக்குப் பேசத் தெம்பு இருந்திருக்குமா? அதைத்தான் வகுப்பில் சொல்லித்தரவேண்டும். தவானைக் குறை சொல்லவே இல்லை நான். அவர் பெரிய மனிதர். ஆனால் நம் ஊர் மேனேஜர்கள் இந்தக் கதையில் தங்களைத் தவானாக நினைத்துக்கொண்டு கைதட்டுகிறார்கள். ஒருவருக்கும் தான்தான் அந்த மணியை அடிக்கவிடாமல் அமுக்குகிறவன் என்று தோன்றுவதில்லை.

கொதிகலன்:
அடேயப்பா. கலாமைவிட உங்களுக்கு ராக்கெட் தெரியும். அடுத்த ஏவுதலுக்கு உங்களையே கூப்பிடச் சொல்கிறேன்.

மூன்றாவது ஷிஃப்ட்:
கூப்பிட்டால் போவேன். கணினி நிறுத்தினால் நானும் நிறுத்துவேன்.

மலைக்கோட்டை:
'தலைமை' என்பதற்கு இன்னும் யாரும்...

கடைசி பெஞ்ச்:
35 கிலோ. நான் சாப்பிடப் போகிறேன்.

மூன்றாவது ஷிஃப்ட்:
சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கொதிகலன், நீங்கள் போகாதீர்கள். 40 வினாடி.