ராணுவத்துல ஷார்ட் சர்வீஸ் (குறுகிய காலப் பணி) முடிச்சு வர்ற ஆபீசர் எம்பிஏ விண்ணப்பத்துல எங்க வழுக்குவாங்க?

வண்ணார்பேட்டை:
தம்பி இன்ஃபென்ட்ரி மேஜர். அடுத்த மார்ச்சுல 10 வருஷம் முடிஞ்சு வெளிய வாறான். அட்ஜுடன்ட் (பட்டாலியன் நிர்வாகம்), குவார்ட்டர் மாஸ்டர் (ரேஷன், சரக்கு) ரெண்டு வேலையும் பார்த்திருக்கான். டிஜிஆர் (ராணுவத்துல இருந்து வெளிய வர்றவங்களுக்கு மறுவேலைக்கு உதவுற அரசு அமைப்பு) அனுப்புற ஆறு மாசப் படிப்பே போதும்னு சிலர் சொல்லுதாங்க, அவனுக்கோ ஓராண்டு எம்பிஏ மேல கண்ணு. எது சரி? விண்ணப்பத்துல எங்க கவனமா இருக்கணும்?

பொதிகைச்சாரல்:
ரெண்டும் வேற வேற, அண்ணாச்சி. டிஜிஆர் படிப்பு 24 வாரம். ஆபீசர்னா கட்டணத்துல 60 சதவீதம் அவங்க, மிச்சம் 40 நம்ம கை. கிடைக்கிறது சான்றிதழ்தான். வீட்டுல உடனே சம்பளம் வந்தாகணும்னா அதுவே போதும்.

ஓராண்டு எம்பிஏன்னா குறைஞ்சபட்ச அனுபவம் ஐஎஸ்பிக்கு (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) 2 வருஷம், அகமதாபாத் ஐஐஎம்மோட பிஜிபிஎக்ஸ் படிப்புக்கு 4, பெங்களூரு ஐஐஎம்மோட ஈபிஜிபி படிப்புக்கு 5. ஐஎஸ்பி வகுப்புல பெரும்பாலும் நாலஞ்சு வருஷ அனுபவக்காரங்கதான். 10 வருஷக்காரருக்கு அகமதாபாத், பெங்களூரு ரெண்டும் பொருத்தம். அனுபவத்தைக் கமிஷன் தேதியில (ஆபீசரா நியமனமான நாள்) இருந்து எண்ணுங்க, அதுக்கு முன்னால ஓடிஏ-ல (ஆபீசர் பயிற்சிப் பள்ளி) எடுத்த பயிற்சியைச் சேர்க்காதீங்க. வகுப்பு ஏப்ரல் வாக்குல ஆரம்பிக்கும், அதனால விடுவிப்புத் தேதி எழுத்துல இருக்கணும். நேர்காணல்ல முதல்ல கேக்குறதே அதுதான்.

கொக்கிரகுளம்:
முக்கால்வாசிப் பேர் சறுக்குறது ரெஸ்யூமேயில. "அட்ஜ், சிஐ ஆப்ஸ், 2 வருஷம்"னு எழுதினா படிக்கிறவருக்கு என்ன புரியும்? "சுமார் 800 பேரோட விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, பணியாளர் ஆவணம் எல்லாம் என் பொறுப்பு, தேங்கிக் கிடந்த கோப்பு இத்தனையில இருந்து இத்தனையாச்சு"ன்னு எழுதச் சொல்லுங்க.

குவார்ட்டர் மாஸ்டர் வேலை இன்னும் நல்ல சரக்கு. பனியில பாதை மூடுற இடத்துல, மூடுறதுக்கு முன்னால ரேஷனும் மண்ணெண்ணெயும் மாசக்கணக்குக்கு ஏத்தி வைக்கணும். கூடுனா வீணாப்போகும், குறைஞ்சா ஹெலிகாப்டரைத்தான் நம்பணும். எவ்வளவு ஏத்தணும்னு எதை வச்சு முடிவு பண்ணினான், எங்க கணக்கு தப்புச்சு, அதை விளக்கினா கட்டுரையில பாதி முடிஞ்ச மாதிரி. துப்பாக்கிச் சண்டைக் கதையை எல்லாரும் எழுதுதாங்க.

யூனிட் இருக்கிற இடம், ஆயுதம், ஆபரேஷன் விவரம் எதுவும் வேண்டாம். ஏசிஆர்ல (மேலதிகாரி எழுதுற வருடாந்திர மதிப்பீடு) இருந்து ஒரு வரி கூட எடுத்துப் போடக்கூடாது, அது ரகசிய ஆவணம்.

வண்ணார்பேட்டை:
சிபாரிசு யாருகிட்ட கேக்க? பாளையங்கோட்டையில பி.எஸ்சி. படிச்சவன், அந்தப் பேப்பர் எல்லாம் என்ன செய்ய?

ஜங்ஷன் பக்கம்:
கமாண்டிங் ஆபீசரா இருந்தவரைக் கேளுங்க. ஜெனரல் கையெழுத்து வெறும் அலங்காரம். கூட இருந்து வேலை வாங்குனவர் எழுதுனாத்தான் உதாரணம் வரும். பிசினஸ் ஸ்கூல்ல இருந்து அவருக்குச் சிபாரிசு எழுத மின்னஞ்சல்ல சுட்டி வரும். அரசு மின்னஞ்சல்னா ஸ்பேம்ல போய் விழும், அதனால சொந்த முகவரி வாங்குங்க. அவர் அடுத்த போஸ்டிங் போறதுக்குள்ள, கடைசித் தேதிக்கு ரெண்டு மாசம் முன்னாலயே சொல்லி வைங்க.

டிரான்ஸ்கிரிப்டுக்கு (மொத்த மதிப்பெண் பட்டியல்) அபிஷேகப்பட்டியில இருக்கிற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆபீசுதான். பெயரைப் பாருங்க முதல்ல. மார்க் ஷீட்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா, சர்வீஸ் ரெக்கார்டுல வேற மாதிரின்னு நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு எப்பவும் இருக்கிற தொல்லை. ஜிமேட் (எம்பிஏ நுழைவுத் தேர்வு) பதிவுல பேர், காட்டப்போற அடையாள அட்டையில இருக்கிறபடியே இருக்கணும், இல்லன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க.

ஜிமேட் 2 மணி 15 நிமிஷம்: குவான்ட் (கணக்கு) 21 கேள்வி, வெர்பல் (ஆங்கிலம்) 23, டேட்டா இன்சைட்ஸ் (தரவு அலசல்) 20, ஒவ்வொண்ணுக்கும் 45 நிமிஷம். கால்குலேட்டர் டேட்டா இன்சைட்ஸ்ல மட்டும். குவான்ட்ல கை வழக்கம் விட்டுப்போயிருக்கும், அதை முதல்ல எடுங்க. மறுபடி எழுத 16 நாள் இடைவெளி வேணும், அதையும் கணக்குல வச்சே முதல் தேதியைப் போடுங்க.