வெஸ்டர்ன் மியூசிக் ஹிஸ்டரி படிக்க எந்த புக்? மூணு மாசமா சாண்ட்லயே (சர்ச்ல பாடுற பழைய பாட்டு) நிக்கிறேன்

மாடிவீட்டு கீபோர்டு:
வணக்கம். ராஜா சார் பாட்ட கேட்டு கேட்டு ஜெர்மன் கம்போஸர் பாக் பக்கம் போய் சேந்தவங்கள்ல நானும் ஒருத்தன். கிரேடு 5 தியரி முடிச்சிருக்கேன், ஸ்கோர், அதான் நோட்ஸ் எழுதுன தாள், தடவி தடவி படிச்சிருவேன். ஹிஸ்டரிய ஒழுங்கா படிக்கணும்னு ஆசை, ஆனா வேலை முடிஞ்சு வந்து நைட்டு ஒரு மணி நேரம் கெடச்சாலே பெருசு. எல்லாரும் சொல்றாங்களேன்னு க்ரௌட் புக்க, அதான் அந்த நார்ட்டன் போட்ட எ ஹிஸ்டரி ஆஃப் வெஸ்டர்ன் மியூசிக், பழைய புத்தகக் கடைல எடுத்தேன், பக்கத்துலயே அதோட ஆந்தாலஜியும், அதான் புக்ல சொல்ற பாட்டோட ஸ்கோர் தொகுப்பு, ஒரு வால்யூம் கெடந்துச்சு, சல்லிசா போச்சேன்னு ரெண்டையும் தூக்கிட்டு வந்து பாத்தா புக்ல ஒரு நம்பர் போட்டு இத பாருங்கறான், ஆந்தாலஜில அந்த நம்பர்ல வேற ஏதோ பாட்டு இருக்கு. அது கூட பரவால்ல, மொத சாப்டர் கிரீஸ், அப்பறம் சர்ச், அப்பறம் கிரிகோரியன் சாண்ட், அங்கயே தூங்கிட்டேன். வேற புக் மாத்தட்டுமா இல்ல என் தலையெழுத்தா?

கவுன்டர்பாயின்ட் கந்தசாமி:
நம்பர் பிரச்சன உங்க தப்பு இல்ல ப்ரோ, எல்லாரும் விழுற குழி அது. புக்கும் ஆந்தாலஜியும் ஜோடி ஜோடியா வரும் ஆனா எடிஷன் நம்பர் ஒன்னா இருக்காது. புக் 10ஆவது எடிஷன்னா ஆந்தாலஜி 8ஆவது, புக் 9னா இது 7. ரெண்ட கழிச்சுக்கோங்க, அவ்ளோதான். அட்டைய பாத்துட்டு வாங்கணும், கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியாது.
1960ல க்ரௌட் தனியா எழுதுனது, அப்பறம் பலிஸ்கா சேந்தாரு, இப்ப இருக்கறது பர்க்ஹோல்டர் கை வச்சது, அமெரிக்கா, ஜாஸ், பாப்புலர் மியூசிக்னு நெறய சேத்துருக்காரு. ரொம்ப பழைய எடிஷன்னா தூக்கி ஓரமா வைங்க, 7க்கு மேல எதுனாலும் ஓகே. ஸ்கோருக்குன்னு தனியா காசு போடாதீங்க, பழைய ஆளுங்களோடது முக்காவாசி ஐஎம்எஸ்எல்பிங்கற வெப்சைட்ல சும்மாவே கெடக்கு.

டெனர் தங்கராசு:
க்ரௌட் டெலிபோன் டைரக்டரிங்க. பேரு, வருஷம், பேரு, வருஷம். டருஸ்கின் எழுதுன ஹிஸ்டரிய படிங்க, ஆக்ஸ்ஃபோர்டு போட்டது, 2005ல வந்துச்சு. மனுஷன் சண்டைக்கு நிப்பாரு, அதனாலயே தூக்கம் வராது. நோட்டேஷன்ல எழுதி வச்ச மியூசிக்க பத்தி தான் பேசப்போறேன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டு தான் உள்ளயே போவாரு, அந்த நேர்மை எனக்கு புடிக்கும். ஒரே விஷயம், எல்லா வால்யூமும் சேத்தா 4000 பக்கத்த தாண்டும்.
சாண்ட் போரடிச்சா அடுத்ததா பெரோத்தன்ங்கற கம்போஸரோட விடெருந்த் ஓம்னெஸ் போட்டு கேளுங்க. பாரிஸ் நோத்ருதாம் சர்ச், 1200 ஒட்டி. கீழ் குரல் அந்த சாண்ட்ல இருந்து 'வி'ங்கற ஒத்த எழுத்த புடிச்சுட்டு சுருதிப்பொட்டி மாதிரி நிக்கும், மேல மூணு குரல் துள்ளி துள்ளி ஓடும். நீங்க தூங்குன சாண்ட் தான் அங்க அடித்தளமே.

பியானோ டீச்சர்:
தங்கராசு சார், ஒரு மணி நேரம் தான் கெடைக்குதுன்னு சொல்றவர்கிட்ட 4000 பக்கமா? நல்லா இருக்கு நியாயம். அது ரெண்டாவதா படிக்கற புக்.
தம்பி, புக்க மாத்த வேணாம். மொத பக்கத்துல இருந்து படிக்கறத நிறுத்துங்க. என் ஸ்டூடண்ட்ஸ்ல அப்படி ஆரம்பிச்ச யாரும் மொஸார்ட் வரைக்கும் வந்ததில்ல. உங்களுக்கு பாக் தான புடிக்கும், அங்கயே இறங்குங்க. ஏசுவோட பாடுகள பத்தி அவரு போட்ட மத்தேயு பாஷன் எடுத்துக்கோங்க, அதுல ஒரே கோரல் (சர்ச்ல எல்லாரும் பாடுற கீர்த்தனை) ட்யூன் அஞ்சு தடவ வரும், மெட்டு அதே தான், கீழ ஹார்மனி மட்டும் சிச்சுவேஷனுக்கு தகுந்த மாதிரி மாறும், ஏசு உயிர் விட்டதும் வர்ற அந்த கடைசி தடவைய கேட்டுட்டு மொத தடவைய திரும்ப கேளுங்க, ஒரே பாட்டான்னு இருக்கும். அந்த மெட்டு மொதல்ல ஹாஸ்லர்னு ஒருத்தர் 1601ல போட்ட காதல் பாட்டு! அது எப்படி சர்ச்சுக்குள்ள வந்துச்சுன்னு தேடுனீங்கன்னா புராட்டஸ்டண்ட் சர்ச்ச ஆரம்பிச்ச லூதர்ட்ட போவீங்க, அங்க இருந்து பின்னாடி சாண்டுக்கே போயிருவீங்க, இந்த தடவ தூங்க மாட்டீங்க. முன்னாடி போனா 1829, பெர்லின்ல 20 வயசு பையன், கம்போஸர் மெண்டல்சன், அந்த பாஷன திரும்ப மேடை ஏத்துனது. பாக் செத்து அப்பவே கிட்டத்தட்ட 79 வருஷம் ஆச்சு.
படிக்கவே முடியாத அன்னிக்கு யேல் யூனிவர்சிட்டில க்ரெய்க் ரைட் எடுத்த லெக்சர் ஃப்ரீயா இருக்கு, சமைச்சுகிட்டே கேக்கலாம். நான் அப்படித்தான் கேட்டேன், ரெண்டு நாள் ரசம் பொங்கிருச்சு.

மாடிவீட்டு கீபோர்டு:
ரொம்ப தேங்க்ஸ் டீச்சர், எல்லாருக்கும். என்கிட்ட இருக்கறது புக் 8, ஆந்தாலஜி 5ன்னு இப்பதான் அட்டைய பாத்தேன். நேத்து நைட்டு தங்கராசு சார் சொன்னத ஸ்பீக்கர்ல போட்டேன், அம்மா அடுப்படில இருந்து வந்து 'என்னடா ஒரே எழுத்துல நிக்குது, நெட்டு போயிருச்சா'ங்கறாங்க. அப்ப நான் தேட வேண்டியது ஆந்தாலஜி 6, கரெக்டா?

கவுன்டர்பாயின்ட் கந்தசாமி:
6 தான். மொத வால்யூம் இப்ப வேணாம், பாக் அதோட கடைசில தான் வருவாரு, அவரு பாட்டு ஐஎம்எஸ்எல்பிலயே இருக்கு.