பாஸ்போ எம்பிகே3 பட்டை தெரியவில்லை, மொத்தப் புரதம் மட்டும் நன்றாக வருகிறது. உதவி தேவை

குருத்து:
வணக்கம். தஞ்சாவூரில் எம்.எஸ்சி. படிக்கிறேன், ஊர் பாபநாசம் பக்கம். ஐப்பசி மழையில் எங்கள் சம்பா வயல் மூழ்கி, நட்ட பொன்மணி (சி.ஆர். 1009) அழுகிப் போனது. பக்கத்து வயலில், வெள்ளம் தாங்கும் சப்1 மரபணுப் பகுதியை அதே ரகத்தில் சேர்த்து உருவாக்கிய சி.ஆர். 1009 சப்1 போட்டிருந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு அதில் குருத்து விட்டதைக் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

அந்தப் பகுதியிலிருந்து வருகிற சப்1ஏ1 புரதத்தின் மீது எம்பிகே3 என்ற கைனேஸ் நொதி பாஸ்பேட் ஏற்றுகிறது என்று 2016-இல் ஆய்வு வந்திருக்கிறது. அந்த எம்பிகே3 எப்போது தூண்டப்படுகிறது என்று பார்க்க, இரண்டு ரக நாற்றையும் வீட்டுத் தொட்டியில் மூழ்கடித்தேன். 6 மணி நேரம், 1 நாள், 3 நாள் என்று இலையைக் கிள்ளி, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் ஆய்வகம் கொண்டு போனேன். ஒரு மணி நேரம் ஆகும்.

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் தாளில் ஏற்றி, ஆன்டிபாடியால் தேடும் முறை) மொத்த எம்பிகே3 பட்டை 43 கிலோடால்டன் அருகே அழகாக வருகிறது. பாஸ்பேட் ஏறிய, அதாவது தூண்டப்பட்ட எம்பிகே3-ஐ மட்டும் பிடிக்க வேண்டிய பாஸ்போ ஆன்டிபாடி போட்டால் மெம்பிரேன் முழுக்கக் கருப்பு. உள்ளே தெரிகிற மங்கலான பட்டையும் மூழ்காத நாற்றில், மூழ்கிய நாற்றில் எல்லாம் ஒரே அளவு. பிளாக்கிங்குக்கு (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மெம்பிரேனை மூடுவதற்கு) 5% பால் பவுடர். மூன்று முறை செய்தாயிற்று. ஆன்டிபாடி தீர்ந்தால் இன்னொன்று வாங்கக் காசில்லை.

வெண்ணாறு:
ஆன்டிபாடி காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

குருத்து:
இல்லை சார், புதுசு.

கொள்ளிடத்து அக்கா:
ஆன்டிபாடியை விடும்மா. முதலில் பால் பவுடரை நிறுத்து. பாலில் இருக்கிற கேசீன் புரதத்திலேயே பாஸ்பேட் ஏறியிருக்கிறது. பாஸ்போ ஆன்டிபாடி அதையும் பிடிக்கலாம், அந்தக் கருப்புக்கு அதுதான் காரணமாக இருக்கும். 5% பிஎஸ்ஏ (மாட்டு இரத்தப் புரதம்) போடு. கழுவுவதற்கும் பிபிஎஸ் பஃபர் வேண்டாம், அதில் பாஸ்பேட் இருக்கிறது. பாஸ்பேட் இல்லாத டிபிஎஸ் பஃபர் வைத்துக்கொள்.

பெரிய தவறு பஸ்ஸில் நடந்திருக்கிறது. கைனேஸ், ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, புரதத்தில் இருக்கிற செரீன், திரியோனின், டைரோசின் இவற்றில் ஒன்றின் மீது ஏற்றும். பாஸ்படேஸ் அதை இறக்கும். செல்லுக்குள் இரண்டும் ஓயாமல் நடக்கும். இலையைக் கிள்ளினதும் இது நிற்காது. ஐஸ் வேகத்தைத்தான் குறைக்கும்.

இன்னொன்று கேள். கிள்ளுவதே செடிக்குக் காயம். காயம் பட்ட சில நிமிடத்திலேயே இந்தக் கைனேஸ்கள் தூண்டப்படும். உன் மூழ்காத நாற்றிலும் பட்டை வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். தண்ணீரிலிருந்து எடுத்ததும் காற்றுப் படுவதும் செடிக்கு ஒரு அதிர்ச்சி. ஆகவே எடுத்த நொடியிலேயே திரவ நைட்ரஜனில் போட்டுவிட வேண்டும்.

குருத்து:
ஊரில் திரவ நைட்ரஜனுக்கு எங்கே போவேன் அக்கா?

கொள்ளிடத்து அக்கா:
நைட்ரஜன் ஊருக்கு வர வேண்டாம், நாற்று ஆய்வகத்துக்குப் போகட்டும். தொட்டியோடு கொண்டு போய் இரண்டு நாள் அங்கேயே பழகவிடு, அப்புறம் வாளியில் மூழ்கடி. பாஸ்படேஸைத் தடுக்க, இலையை அரைக்கிற பஃபரில் சோடியம் ஃபுளோரைடும் ஆர்த்தோவெனடேட்டும் சேர். வெனடேட்டைச் சும்மா கரைத்தால் போதாது. பிஎச் 10-க்குக் கொண்டு வந்தால் மஞ்சளாகும். நிறம் போகிற வரை கொதிக்கவிட்டு, ஆறியதும் பிஎச் பார்த்து, மஞ்சள் திரும்பினால் மறுபடி கொதிக்கவிடு. அந்த பஃபரில் இடிடிஏ, டிடிடி வேண்டாம், இரண்டுமே வெனடேட்டைக் கெடுக்கும்.

பட்டை வந்தால் உடனே நம்பிவிடாதே. வெனடேட், ஃபுளோரைடு சேர்க்காத ஒரு மாதிரியை பாஸ்பேட்டை இறக்கும் லாம்டா பாஸ்படேஸ் நொதியில் ஊற வைத்து ஓட்டு. அதில் பட்டை மறைய வேண்டும்.

குருத்து (12 நாள் கழித்து):
அக்கா, மெம்பிரேன் வெள்ளையாக வந்துவிட்டது! மூழ்காத நாற்றில் பட்டை கிட்டத்தட்ட இல்லை. சப்1 நாற்றில் 1 நாள் மாதிரியில் தெளிவாக இருக்கிறது, லாம்டா போட்டதில் காணோம். பொன்மணி 3 நாள் மாதிரியில் மட்டும் மொத்தப் புரதமே குறைவாக இருக்கிறது.

கொள்ளிடத்து அக்கா:
அந்த இலை மஞ்சளாகிவிட்டதா? புரதம் சிதைய ஆரம்பித்திருக்கலாம். 2 நாளில் ஒரு மாதிரி எடுத்துப் பார்.