பிள்ளைக்கு ஸ்போர்ட்ஸ் கார்: யார் பெயரில், யார் பணத்தில்?

வெளிநாட்டில் குடியேறிய குடும்பங்களில் இந்தக் கேள்வி பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் எழுகிறது. முதல் ஆண்டு வீடு, வேலை, பள்ளி என்று ஓடிவிடும். அதற்குள் பிள்ளைக்கு 16 அல்லது 17 வயது நிறைந்துவிடும். வகுப்புத் தோழர்களில் இரண்டு பேர் சொந்தக் காரில் பள்ளிக்கு வரத் தொடங்கியிருப்பார்கள். ஒருநாள் இரவு, சாப்பிட்ட தட்டுகளை எடுத்து வைப்பதற்குள், கைப்பேசியில் ஒரு படம் நம் முகத்துக்கு நேரே நீளும்: இரண்டே கதவுகள், தாழ்ந்த கூரை, அகன்ற சக்கரங்கள். "பழைய வண்டிதான் அப்பா, விலை ஒன்றும் அதிகமில்லை."

வாங்கிக் கொடுக்கலாமா, கொடுப்பதானால் பணத்தை யார் கட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போக்குவரத்துக்கு ஒரு கார் தேவையென்றால் ஏற்பாடு செய்யுங்கள். ஆனால் கட்டுப்பாடுகளுடன் வரும் தொடக்க உரிமக் காலம் முடியும்வரை அது ஸ்போர்ட்ஸ் காராக இருக்க வேண்டாம். அந்தக் காலம் முடிந்த பிறகு, தன் சம்பாத்தியத்தில் விலையையும் காப்பீட்டையும் தானே கட்டி வாங்குவதானால் தடுக்காதீர்கள். ஆனால் அப்போதும் கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து இருக்கக்கூடாது. இதில் விலையை யார் கொடுத்தார் என்பதைவிட, ஏதாவது நேர்ந்தால் யார் பெயருக்குக் கடிதம் வரும் என்பதே பெரிய விஷயம் என்று எனக்குப் பட்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைப் பாருங்கள், ஏனென்றால் சில இடங்களில் உங்கள் கேள்விக்கு அரசே பதில் சொல்லி வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பி1, பி2 எனப்படும் தொடக்கநிலை உரிமம் வைத்திருப்பவர்கள் அதிதிறன் வாகனங்களை ஓட்டவே கூடாது. எஞ்சினின் திறனை வண்டியின் எடையால் வகுத்தால், டன்னுக்கு 130 கிலோவாட்டைத் தாண்டும் வண்டிகள் அந்தத் தடைக்குள் வந்துவிடும். 1,400 கிலோ எடையும் 200 கிலோவாட் திறனும் உள்ள வண்டி என்றால் கணக்கு ஏறத்தாழ 143 ஆகிறது. அது தடைசெய்யப்பட்ட வண்டி. திறன் கூடும்படி எஞ்சினில் மாற்றம் செய்திருந்தாலும் இதே கதைதான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இந்தக் கணக்கைப் போடாமல் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிவிட்டது. மகன் உரிமத்தின் அடுத்த கட்டங்களுக்காகக் காத்திருக்க, வண்டி வீட்டு வாசலில் உறை போர்த்தியபடி மாதக்கணக்கில் நின்றது. தவணை மட்டும் நிற்காமல் ஓடியது.

வேறு இடங்களில் சட்டம் வண்டியை விட்டுவிட்டு உரிமத்தை இறுக்குகிறது. கலிஃபோர்னியாவில் 18 வயதுக்குக் குறைந்தவர் உரிமம் பெற்ற முதல் 12 மாதங்கள், தகுதியுள்ள பெரியவர் உடன் இல்லாமல், இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை ஓட்டவும் கூடாது, 20 வயதுக்குக் குறைந்த பயணிகளை ஏற்றவும் கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஜி2 எனப்படும் இடைநிலை உரிமம் பெற்ற, 19 அல்லது அதற்குக் குறைந்த வயதுடையவர், முதல் ஆறு மாதங்களில், நள்ளிரவுக்கும் காலை 5 மணிக்கும் இடையில் 19 அல்லது அதற்குக் குறைந்த வயதுள்ள பயணி ஒருவரை மட்டுமே ஏற்றலாம். பிள்ளைகள் தனியாக ஓட்டும்போது இருப்பதைவிட நண்பர்கள் உடன் இருக்கும்போது விபத்து அபாயம் ஏறுகிறது என்பதாலேயே பயணிகளைப் பற்றிய இந்த விதிகள் எழுதப்பட்டன. இரண்டே இருக்கை உள்ள வண்டியில் கூட்டம் ஏற முடியாது, ஆகவே அதுதான் பாதுகாப்பானது என்று என் மகன் ஒருமுறை வாதிட்டான். வாதத்திறமையை மெச்சினேன், ஆனால் "இன்னும் கொஞ்சம் மிதி" என்று சொல்ல ஒரு நண்பன் போதும்.

பிரிட்டனில் விதி வேறுவிதமாகக் கடிக்கும். 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் பெற்ற முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு தண்டப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்தாகும்; எழுத்துத் தேர்வையும் ஓட்டுத் தேர்வையும் மறுபடி எழுதித் தேற வேண்டும். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுத்தால் அந்த ஒரு தவறுக்கே ஆறு புள்ளிகள்.

அடுத்தது காப்பீடு. பெற்றோர் பெரும்பாலோர் வண்டியின் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது பிரீமியம்தான். எங்கள் வீட்டில் நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பி, "நீயே விசாரித்துப் பார்" என்றேன். பிறந்த தேதி, உரிமம் பெற்ற தேதி, வண்டியின் மாதிரி, இரவில் நிறுத்துமிடம் என்று ஒவ்வொன்றாக நிரப்பினான். வந்த தொகையைப் பார்த்துவிட்டு ஏதோ தவறாக அழுத்திவிட்டதாக நினைத்துப் பக்கத்தை மூடி, மறுபடி முதலிலிருந்து நிரப்பினான். அதே தொகை. ஓராண்டு பிரீமியம் அந்தப் பழைய வண்டியின் விலையைத் தாண்டி நின்றது. பிறகு, நான் சொல்லாமலேயே, மாதிரியை மட்டும் ஒரு சாதாரணச் சிறிய காருக்கு மாற்றிப் பார்த்தான். தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. மேசையில் யாரும் பேசவில்லை. நான் ஒரு மணி நேரம் அறிவுரை சொல்லியிருந்தாலும் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாகியிருக்காது.

புதிதாக வந்தவர்களுக்கு இதில் கூடுதலான ஒரு சிக்கல் உண்டு. முந்தைய நாட்டில் நாம் விபத்தில்லாமல் ஓட்டிய ஆண்டுகளைப் பல காப்பீட்டு நிறுவனங்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே இருபது ஆண்டு அனுபவம் உள்ள தகப்பனாரும் காகிதத்தில் புதிய ஓட்டுநராகவே தெரிவார். அந்த நிலையில் இருக்கும் குடும்பப் பாலிசியில் 17 வயதுப் பிள்ளையையும் ஸ்போர்ட்ஸ் காரையும் சேர்ப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

பிரீமியத்தைக் குறைக்க ஒரு குறுக்குவழியை யாராவது உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்: வண்டியை முக்கியமாக ஓட்டுபவர் அப்பா என்று எழுதி, பிள்ளையைத் துணை ஓட்டுநராகக் காட்டுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். நாள்தோறும் ஓட்டுவது பிள்ளை என்றால் அது பொய் விவரம். பிரிட்டனில் அது காப்பீட்டு மோசடியாகவே கருதப்படுகிறது. விபத்துக்குப் பிறகு நிறுவனம் பாலிசியைச் செல்லாததாக்கலாம். எதிர்த்தரப்புக்குக் கொடுத்த தொகையை உங்களிடமே திருப்பிக் கேட்கவும் அதற்கு வழியுண்டு. பிள்ளையின் மீது காப்பீடின்றி ஓட்டிய குற்றமும் சேரலாம். அதற்குக் குறைந்தது ஆறு புள்ளிகள், அதாவது மேலே சொன்னபடி உரிமமும் போய்விடும். மாறாக, வண்டியில் கருவி பொருத்தி வேகத்தையும் பிரேக் போடும் விதத்தையும் கண்காணிக்கும் பாலிசிகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அவை பிடிக்காது. ஒழுங்காக ஓட்டினால் பிரீமியம் இறங்கும் என்பதால் எனக்குப் பிடிக்கும்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். வண்டி யார் பெயரில் பதிவாகிறது என்பது வெறும் சடங்கு அல்ல. ஒன்டாரியோவில் உங்கள் பெயரில் உள்ள வண்டியை உங்கள் சம்மதத்துடன் ஒருவர் ஓட்டி, அவருடைய கவனக்குறைவால் யாருக்காவது சேதம் நேர்ந்தால், ஓட்டியவரோடு சேர்ந்து உரிமையாளரும் பொறுப்பாளியே. அனுமதித்த வேகத்தைவிட மணிக்கு 50 கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டிப் பிடிபட்டால் அங்கே ஓட்டியவரின் உரிமம் அந்த இடத்திலேயே 30 நாட்களுக்குப் பறிபோகும். வண்டி இழுத்துச் செல்லப்பட்டு 14 நாட்களுக்குப் பிடித்து வைக்கப்படும். வண்டி யாருடையது என்று அப்போது யாரும் பார்ப்பதில்லை, திங்கட்கிழமை நீங்கள் அதில்தான் வேலைக்குப் போக வேண்டும் என்றாலும். கலிஃபோர்னியாவில் 18 வயதுக்குக் குறைந்தவரின் உரிம விண்ணப்பத்தில் கையெழுத்திடும் பெற்றோர், அந்தப் பிள்ளை ஓட்டும்போது நேரும் சேதத்துக்குச் சட்டம் வகுத்த வரம்பு வரை பொறுப்பேற்கிறார்.

கடன் விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். 18 வயது நிறையாதவரோடு போடும் ஒப்பந்தம் பெரும்பாலும் நீதிமன்றத்தில் நிற்காது என்பதால், எந்தக் கடன் நிறுவனமும் பெரியவர் ஒருவரின் கையெழுத்தைக் கேட்கும். விற்பனையாளர் அதை "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து" என்பதுபோலச் சொல்வார். அது சாட்சிக் கையெழுத்து அல்ல, கடனே உங்களுடையது. பிள்ளை இரண்டு தவணை தவறினால், பாடுபட்டு இரண்டு ஆண்டுகளாக நீங்கள் கட்டியெழுப்பிய கிரெடிட் ஸ்கோர் சரியும். நாளை வீட்டுக்கடனுக்குப் போகும்போது, அந்தக் காரின் பாக்கி உங்கள் கடனாகவே கணக்கிடப்படும். வீடு வாங்கும் நிலையை நெருங்கிக்கொண்டிருக்கும் குடும்பம் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்காக அதைத் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாமாவோ சித்தப்பாவோ வண்டியைப் பரிசாகக் கொடுத்தாலும், பதிவும் பிரீமியமும் பழுதுபார்ப்பும் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

நிரந்தர வசிப்புரிமை மட்டும் பெற்று, குடியுரிமைக்குக் காத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவில் 2018 டிசம்பர் முதல், குடித்துவிட்டு ஓட்டுதல், ஆபத்தான முறையில் ஓட்டுதல் ஆகிய குற்றங்களுக்கான அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. அதனால் அவை குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் கடுமையான குற்றங்களாகிவிட்டன. 18 வயதைத் தாண்டிய, இன்னும் குடியுரிமை பெறாத பிள்ளை அத்தகைய வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானால், அந்த நாட்டில் தங்கும் உரிமையே கேள்விக்குள்ளாகலாம். அங்கேயே பிறந்த வகுப்புத் தோழனுக்கு இந்த அபாயம் இல்லை. "அவன் ஓட்டுகிறானே" என்று பிள்ளை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை உட்கார வைத்துப் பேசுங்கள்.

வண்டியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி 85ஐத் தொட்டால், மோதலில் வெளிப்படும் ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும். திறன் மிகுந்த வண்டியில் அந்த இடைவெளியைக் கடக்கச் சில நொடிகளே ஆகும், காதுக்கும் உடலுக்கும் வேகம் உறைக்காது. பிள்ளையின் சேமிப்புக்கு எட்டும் விலையில் கிடைக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்தான் எல்லாவற்றிலும் மோசமான தேர்வு: திறன் அப்படியே இருக்கும், பாதுகாப்பு வசதிகள் இருக்காது. சறுக்கும் வண்டியை நேராக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு அமெரிக்காவில் 2012 மாதிரி ஆண்டிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்கள் அனைத்திலும் 2014 நவம்பரிலிருந்தும் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டியானால் அது இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு அமைப்பும் இளம் ஓட்டுநர்களுக்கு இதையேதான் சொல்கிறது: குதிரைத்திறன் குறைவாக இருக்கட்டும், வண்டி மிகச் சிறியதாக வேண்டாம், நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம் இருக்கட்டும். பனி பெய்யும் ஊரானால் இன்னொரு செலவும் உண்டு. இத்தகைய வண்டிகளோடு வரும் கோடைக்கால டயர்கள் குளிரில் இறுகிப் பிடிப்பை இழக்கும், ஆகவே குளிர்கால டயர் இன்னொரு தொகுதி வாங்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பெற்றோரும் ஏன் வாங்கிக் கொடுக்கிறார்கள்? என் அனுபவத்தில் காரணம் குற்றவுணர்ச்சி. நண்பர்களையும் பழகிய பள்ளியையும் விட்டுப் பிரித்து, கேட்காமலேயே இன்னொரு நாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம், புதிய வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கிறான், ஒரு காராவது வாங்கிக் கொடுப்போம் என்ற எண்ணம். நானும் இரண்டு இரவுகள் அப்படி யோசித்தேன். ஆனால் அவனுக்கு வேண்டியிருந்தது நண்பர்கள் வீட்டுக்குப் போய்வரும் வசதிதான். அதற்கு எங்கள் பழைய காரின் சாவியே போதுமாக இருந்தது. வேகத்தின் மீதே உண்மையான ஆசை உள்ள பிள்ளை என்றால், பயிற்சியாளர் உள்ள கோ-கார்ட் தளத்துக்கோ பந்தயத் தளத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். சாதாரணக் கார்க் காப்பீடு பெரும்பாலும் அங்கே செல்லாது என்பதை மட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

பணப் பங்கீட்டில் நாங்கள் செய்தது இது. கார் எங்களுடையது, சாதாரணமானது. அவனால் கூடும் பிரீமியத்தில் பாதியை, பகுதிநேர வேலையில் வரும் சம்பளத்திலிருந்து அவன் கட்டுகிறான். பெட்ரோலும் அபராதமும் முழுவதும் அவனுடையவை. ஒரே ஒரு அபராதம் வந்தது, வாகன நிறுத்துமிடத்தில். மூன்று வாரச் சம்பளம் போனதென்று முணுமுணுத்தான், கட்டினான். முன்பணத்தில் பங்கு கேட்பதைவிட மாதாமாதம் வரும் செலவில் பங்கு கேட்பது மேல் என்று நினைக்கிறேன். முன்பணம் ஒருநாள் வலியோடு மறந்துபோகும், பிரீமியம் ஒவ்வொரு மாதமும் கணக்கிலிருந்து கழியும்.

இப்போது அவனுக்கு 19 வயது. அந்தச் சிவப்பு வண்டியின் படம் இன்னும் அவன் கைப்பேசியின் முகப்பில் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு மாலை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காப்பீட்டு நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருந்தான். விபத்தில்லாமல் இன்னும் எத்தனை ஆண்டு ஓட்டினால் பிரீமியம் எவ்வளவு இறங்கும் என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொள்ளும் சத்தம் வெளியே கேட்டது.